வந்த மெட்டும் சொந்தச் சொல்லும்

கவிஞரையோ சித்திரக்காரரையோ சங்கீத வித்துவானையோ நேரில் கண்டு, "இந்தச் சிருஷ்டி தங்கள் உள்ளத்தில் எவ்வாறு உதித்தது?" என்று வினவுவதைப் போல எளிய காரியம் வேறு இல்லை, அந்த வினாவுக்கு உண்மையான விடையைப் பெறுவதைப் போல அரிய காரியமும் வேறு இல்லை. கேட்கப்பட்டவர் சற்று நேரம் மௌனமாக இருப்பார். பிறகு தெய்வ அருள் என்பார், உள்ளுணர்வு என்பார், தம்மை மீறி வந்த ஆவேசம் என்பார். அவர் சொல்வது பொய்யன்று. ஆயினும் கேட்டவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அதே மனிதரிடம், முதலில் வந்த அடி எது, எந்தச் சொல்லை வைத்துப் பார்த்து நீக்கினீர்கள், யார் அதைக் கேட்கக் காத்திருந்தார்கள், எவ்வளவு நேரம் கிடைத்தது என்று தொழில் அறிந்து விசாரித்தால், அதுவரை மூடிக் கிடந்த வாய் திறந்துகொள்ளும். ஒரு நாழிகைப் பேச்சுக்கு இசைந்து வந்தவர் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருப்பார். கலைஞரோடு நிகழ்த்தும் சம்பாஷணையும் ஒரு கலையே என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் எல்லோரும் மனத்தை விசாரியாமல் வேலையை விசாரித்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் மாணாக்கராகச் சேர்ந்து, அவர் 1876-இல் மறையும்வரை உடனிருந்த உ.வே. சாமிநாதையர், ஆசிரியருடைய கவித்துவத்தைப் பற்றித் தத்துவம் பேச முற்படவில்லை. அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதிச் செல்லும் முறையையும், எழுதுகிறவரின் கை சளைத்தாலும் பாடுகிறவரின் வாக்குச் சளைக்காத வேகத்தையும் கண்முன் நிறுத்தினார். ஒரு கவிஞர் எவ்வாறு கவி செய்தார் என்பதை நாம் பிரத்தியட்சமாகக் கண்டுகொண்டோம். பிரான்ஸ் தேசத்துத் திரைப்பட இயக்குநர் த்ரூஃபோ 1962-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கைச் சந்தித்து, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு ஒரு வார காலம் உரையாடினார். ஒரு படத்தில் கதாநாயகன் இருண்ட மாடிப்படியில் ஏந்திச் செல்லும் பால் மட்டும் ஏன் அவ்வளவு ஒளியோடு தோன்றுகிறது என்ற பேச்சு வந்தபோது, பாலுக்குள்ளேயே ஒரு சிறு விளக்கை வைத்ததாக ஹிட்ச்காக் சொன்னார். அச்சத்தை உண்டாக்கும் கலையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு விடைக்கு ஈடாகாது.

இந்த முறையை மனத்தில் கொண்டு, நான் மிகவும் நேசிக்கும் ஒரு நிலப்பகுதியின் பாட்டுக்களை இங்கே விசாரிக்க விரும்புகிறேன். 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று எண்ணூர்க் கழிமுகம் வரையில் நீளும் கடற்கரையை, ஆலைகளின் வரிசையாகவும் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் அணியாகவும் மட்டுமே கண்டு பழகியவர்களுக்கு, அது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாட்டு விளைந்துவரும் பூமி என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். அங்கே பாடியவர்களுள் சங்கீத மும்மூர்த்திகளில் இருவர் உண்டு. சூஃபி ஞானி உண்டு. சாவு வீட்டுப் பந்தலில் விடியும்வரை கானா பாடும் இளைஞர்கள் உண்டு. இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது சிலருக்கு உவப்பாக இராது. ஆயினும், என்ன பாடினார்கள் என்பதை விட்டு எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், இவர்களிடம் பொதுவானதொரு செய்முறையைக் காண்கிறோம். எங்கிருந்தோ வந்த ஒரு மெட்டை, அல்லது ஒரு வடிவத்தை, கூச்சமின்றி ஏற்று, அதற்குள் தம்முடைய தெய்வத்தையும் தம்முடைய மனிதரையும் தம்முடைய சொல்லையும் குடியேற்றுவதே அந்தச் செய்முறை. அதை அரைச் சிருஷ்டி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. முழுச் சிருஷ்டி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தக் கரையை அடுத்த மணலி என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவினால் அவ்வூர் சங்கீதத்துக்கு ஒரு க்ஷேத்திரமாக விளங்கியது. அவருடைய அழைப்பை ஏற்று ராமசுவாமி தீட்சிதர் திருவாரூரிலிருந்து குடும்பத்தோடு மணலிக்கு வந்தார். அவருடைய புதல்வர்களான முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி மூவரும் அங்கே வாழ்ந்தார்கள். முதலியாரின் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று வழங்கப்பெற்றவர், தீட்சித சகோதரர்களைச் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். பாலுசுவாமிக்குப் பிடில் வாத்தியத்தில் விருப்பம் உண்டாகவே, அதைக் கற்பிப்பதற்கு ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரையும் அமர்த்தினார். இன்று பிடில் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரியை நாம் கற்பனை செய்வதே கடினம். அந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த வாயில்களில் முதன்மையானது மணலிக்கும் கோட்டைக்கும் இடையில் திறந்தது.

முத்துசுவாமி தீட்சிதர் செய்த காரியம் இன்னும் நுட்பமானது. பேண்டில் கேட்ட மேனாட்டு மெட்டுக்களுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று பெயர் பெற்ற அவை நாற்பதை ஒட்டியவை. ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு, 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சியாமளையிடம் இறைஞ்சும் பாட்டாகியது. அயர்லாந்து நாட்டு மெட்டு ஒன்று, மீனாட்சியைப் பாடும் துதியாகியது.

இதில் உள்ள தொழிலைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். நம் ராகங்களில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே கமகம் என்னும் அசைவு இருக்கிறது. அந்த அசைவிலேயே ராகத்தின் ஜீவன் இருக்கிறது. பேண்டு மெட்டுக்களுக்கோ அசைவில்லை. அவை சங்கராபரண சுரங்களில் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கி, குறித்த கணத்தில் நின்றுவிடுகின்றன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பிரிவும் அவற்றில் இல்லை. கமகம் ததும்பும் கீர்த்தனங்களைச் செய்த அதே மேதை, இங்கே தம் கமகங்களைத் திணிக்கவில்லை. சுரம் நீண்டு நிற்கும் இடத்தில் நெட்டெழுத்தையும், குறுகிச் செல்லும் இடத்தில் குற்றெழுத்தையும் வைத்து, அந்நிய மெட்டின் நிமிர்ந்த நடையை அப்படியே காப்பாற்றி, அதன் உள்ளே மட்டும் முழுக்க முழுக்கத் தம்முடைய பக்தியை நிரப்பினார். ஏற்றுக்கொண்ட மெட்டுக்கு அவர் செய்த மரியாதை அது. மெட்டைச் சிதைத்திருந்தால் வித்தையைக் காட்டியதாக ஆகியிருக்கும். சொல்லைத் தளர்த்தியிருந்தால் வெறும் நகலாக ஆகியிருக்கும். இரண்டும் நேராதபடி செய்தமையால், இன்றும் பிடில் பழகும் குழந்தைகள் முதலில் வாசிப்பவற்றுள் அந்த நொட்டுஸ்வரங்கள் இருக்கின்றன.

இவை நமக்கு எட்டிய வரலாறு, நான் தொடக்கத்தில் சொன்ன சம்பாஷணைக் கலைக்கே ஓர் உன்னதமான உதாரணம். சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற அறிஞர், மேனாட்டுச் சுர லிபியை நன்கு பயின்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பாலுசுவாமி தீட்சிதரின் வழிவந்த சுப்பராம தீட்சிதரிடம் கேட்டுக் கேட்டுக் கீர்த்தனங்களை அந்த லிபியில் எழுதத் தொடங்கினார். ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே அசைகிறது, எந்த எழுத்தின்மேல் விழுகிறது என்ற வினாக்களையே அவர் கேட்டார். தம் பொருளையும் உழைப்பையும் அதற்கே செலவிட்டார். அவருடைய தூண்டுதலின் பயனாகவே சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்தது. தீட்சித சகோதரர்கள் மணலியில் வாழ்ந்த கதையை நாம் அறிவதும் அந்நூலின் வாயிலாகத்தான். தொழிலறிந்து கேட்ட ஒரு மனிதரால் ஒரு பரம்பரையே பிழைத்தது.

மணலிக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது திருவொற்றியூர். ஆதிபுரீசுவரரும் தியாகராஜரும் வடிவுடையம்மையும் எழுந்தருளியுள்ள அந்தத் தலத்துக்குத் தியாகராஜ சுவாமிகள் தம் எழுபதாம் வயதை ஒட்டி விஜயம் செய்தார். அழைத்து வந்து போற்றியவர் அவருடைய சீடர் வீணை குப்பையர். அங்கே அம்பிகையின்மேல் அவர் பாடிய ஐந்து கிருதிகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படும். கல்யாணி, சுத்தசாவேரி, சாவேரி, ஆரபி, பேகடை என்னும் ஐந்து ராகங்களில் அமைந்த அவற்றைக் கேட்கும்போது, விருந்தினராக வந்த ஒரு முதியவர், தாம் வாழ்நாள் முழுவதும் பாடிய இராமனைச் சற்றே ஒதுக்கி வைத்து, வந்த ஊரின் தாயை அவ்வூரின் பெயராலேயே அழைப்பதைக் காண்கிறோம். இசை திருவையாற்றிலிருந்து வந்தது, பாஷை தெலுங்கு, ஆனால் அந்த ஐந்து பாட்டுக்களும் பிறக்கக் காரணமாக இருந்தவை இந்தக் கடற்கரைக் கோயிலும், அன்புள்ள ஒரு சீடரின் வேண்டுகோளும். கலைஞரிடம் கேட்கத் தக்க கேள்விகளுள் தலையாயது "யார் கேட்டார்கள்?" என்பது. வேண்டுகோள் என்னும் சிறிய விஷயம் சிருஷ்டியின் வரலாற்றில் எவ்வளவு பெரிய இடம் பெறுகிறது என்பதைத் திருவொற்றியூர் நமக்குக் கற்பிக்கிறது. பின்னர் அதே சன்னிதிக்கு வந்த இராமலிங்க அடிகள், பிரபந்தங்களுள் ஒன்றாகிய மாலை என்னும் பழைய வடிவத்தை எடுத்து, நூற்றொரு பாட்டுக்களால் வடிவுடை மாணிக்க மாலையைப் பாடினார்.

அடிகளார் பிள்ளைப் பருவத்தினராக இருந்த காலத்தில், திருவொற்றியூருக்குத் தெற்கே, ராயபுரத்தை அடுத்த தண்டையார்பேட்டைப் பகுதியில் வாழ்ந்து அடங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இராமநாதபுரச் சீமையில் தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் பெற்ற அவர், இந்தக் கரைக்கு வந்து தவம் செய்தார். அவருடைய தர்கா இன்றும் இங்கே இருக்கிறது. தாயுமானவர் கையாண்டு தமிழர் நாவில் ஏற்றிய இரண்டடிக் கண்ணி வடிவத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்; பராபரக் கண்ணி என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. அந்த வடிவத்துக்குள் ரகுமானைப் பாடினார், முகியித்தீன் ஆண்டகையைப் பாடினார், மனோன்மணியையும் பாடினார். சைவ மரபினரான திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடிப் போற்றினார் என்றால், அந்தக் கண்ணிகள் எத்தனை மதில்களைக் கடந்து சென்றன என்பது விளங்கும். கடன் வாங்கிய வடிவம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

மஸ்தான் சாகிபையும், திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டுள்ள பட்டினத்தாரையும் தம் முன்னோர்களாக வணங்குகிறவர்கள் இன்று யார் என்று தேடினால், நாம் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு சாவு வீட்டின் முன் இரவு பத்து மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் போதும். கானா என்னும் கலையை, அதுவும் மரண கானா என்னும் அதன் மூலப் பகுதியை, நான் ஆழ்ந்து ரசிக்கிறேன். அதைப் பாடுகிறவர்களோடு பேசக் கிடைத்த சந்தர்ப்பங்களை என் வாழ்க்கையின் பாக்கியங்களுள் ஒன்றாக எண்ணுகிறேன்.

சந்தில் பந்தல் போட்டிருக்கும். நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் உடல் இருக்கும். மறுநாள் எடுக்கும்வரை ஊர் விழித்திருக்க வேண்டும். டோலக்கும் தபலாவும் கீபோர்டும் வந்து சேரும். அவை வாங்க வசதியில்லாத காலத்தில் தீப்பெட்டியும் மேசைப் பலகையும் தாளம் கொடுத்தன. முதலில் தெய்வ வணக்கம், குரு வணக்கம். பிறகு இந்த உடம்பின் நிலையாமை. சித்தர் வாக்கும் மஸ்தான் வாக்கும் அப்போது சரளமாக வந்து கலக்கும். அதற்குப் பிறகே, மறைந்தவரின் கதை. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராக இருக்கலாம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்த மூதாட்டியாக இருக்கலாம். அந்த மனிதரின் பிறப்பும் பிழைப்பும் அன்பும் கோபமும், பெற்ற மக்களும், பேரப்பிள்ளைகளும், ஒருவர் விடாமல் பாட்டில் வருவார்கள். சங்கப் புலவர்கள் கையறுநிலை என்ற துறையில் மன்னர்களுக்கும் வள்ளல்களுக்கும் செய்ததை, இவர்கள் தெருவில் வாழ்ந்த ஒவ்வொரு மனிதருக்கும் செய்கிறார்கள்.

இந்தப் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது? நான் பழகிய பாடகர்கள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தொகுத்துச் சொல்கிறேன். செய்தி வந்ததும் அவர்கள் தேடுவது மெட்டை அன்று, விவரத்தை. இறந்தவரின் தொழில், பட்டப்பெயர், எந்த நடிகரின் ரசிகர், எந்தப் பிள்ளையின்மேல் உயிர், எந்த மகன் பேசாமல் பிரிந்து போனவன் என்பதையெல்லாம் நெருங்கிய உறவினர் ஒருவரிடம் தனியே விசாரித்துக்கொள்கிறார்கள். பெயர்களைச் சொல்லும் வரிசையில் ஒரு தவறு நேர்ந்தாலும் துக்க வீடு சண்டை வீடாகிவிடும். பிரிந்துபோன மகனுடைய பெயரை எங்கே வைப்பது என்பதில் ஒரு ராஜதந்திரியின் விவேகம் வேண்டும். மெட்டு பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டு. சுற்றி இருப்பவர்கள் கடைசி அடியில் உடன் சேர்ந்து பாட வேண்டுமாதலால், புது மெட்டு அங்கே இடைஞ்சலே. அடிக் கடைசியில் ஒத்து வரும் இயைபு கூட்டத்தைக் கட்டி வைக்கிறது. அடி முதலில் வரும் எதுகை பாடுகிறவரின் ஞாபகத்தைக் கட்டி வைக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. மனிதர்களின் பெயர்கள் மெட்டுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஒன்று இரண்டு அசையில் முடியும், மற்றொன்று ஆறு அசைக்கு நீளும். குறையும் இடத்தை இவர்கள் வெற்று ஒலிகளால் நிரப்புவதில்லை. அண்ணன், அம்மா, மாமா, மச்சான், பெரியப்பா என்னும் உறவுச் சொற்களால் நிரப்புகிறார்கள். யாப்பின் தேவையும் துக்கத்தின் தேவையும் அந்த ஒரே சொல்லில் நிறைவேறிவிடுகின்றன. அசை நிரம்புகிறது, பெயருக்குரிய மனிதர் கூட்டத்தின் நடுவே உறவாக எழுந்து நிற்கிறார், பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் விம்முகிறார்கள். யாப்பிலக்கணம் படித்தவர் எவரும் இதைவிட நல்ல அசைநிரப்பைக் கண்டுபிடித்துவிட முடியாது.

சினிமா மெட்டில் பாடுவது உங்களுக்குக் குறையாகத் தோன்றவில்லையா என்று ஓர் இளம் பாடகரிடம் நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிறிதும் யோசிக்கவில்லை. "மெட்டு எந்தப் படத்துதா இருந்தா இன்னாங்கய்யா? கேக்குற அந்தம்மா, 'ஆமா, எங்கூட்டுக்காரரு இப்படித்தான்'னு சொல்லி அழுவணும். அது போதும்" என்றார். கவிதையின் பிரயோஜனத்தைப் பற்றி அலங்கார சாஸ்திரங்கள் விரித்துரைப்பதையெல்லாம் அறிந்தவர்கள்கூட அந்த விடையின் முன் தலைவணங்க வேண்டும். தீட்சிதர் பேண்டு மெட்டில் சியாமளையை அமர்த்தியதற்கும், இந்த இளைஞர் சினிமா மெட்டில் ஒரு மீனவரை அமர்த்துவதற்கும் பாண்டித்தியத்தில் பெருந்தூரம் உண்டு. செய்முறையிலோ துணிவிலோ தூரமே இல்லை.

மேல்நாட்டார் இத்தகைய பாடகர்களை விசாரித்த முறையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஹோமரின் காவியங்கள் எப்படி உருவாயின என்ற கேள்விக்கு விடை தேடிய மில்மன் பாரி, 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவின் மலைநாட்டில் கதைப் பாடகர்களைக் கண்டு, அவர்கள் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தார். கேள்வி கேட்பதற்கு அவர் துணையாகக் கொண்டவரும் பாடத் தெரிந்தவரே. ஆகவே பாடகர்கள் தங்கள் தொழிலைத் தொழிலாளியோடு பேசுவதுபோலப் பேசினார்கள். ஆயத்தமான தொடர்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, பாடும் கணத்திலேயே பாட்டைக் கட்டும் அந்த முறையைப் பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960-இல் ஒரு நூலாக விளக்கினார். நம் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி அந்த ஆராய்ச்சி முறையைச் சங்க இலக்கியத்துக்குப் பொருத்தி, 1968-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாணர்களை விளங்கிக்கொள்ளப் பயன்பட்ட அந்தக் கேள்விகளை, இன்று ராயபுரத்தில் உயிரோடு உலவும் பாணர்களிடம் கேட்பதற்கு எவ்வளவோ இடமிருக்கிறது.

கானா இன்று துக்க வீட்டோடு நின்றுவிடவில்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் அதில் ஒன்றாக ஒலித்தன. ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி அக்குழுவில் பாடினார். ஆடவர் மட்டுமே பாடுவது என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு கலையில் பெண் குரல் ஒன்று ஓங்கி எழுந்தது. 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. இங்கேயும் அதே செய்முறை: கடல் கடந்து வந்த வாத்திய முழக்கத்துக்குள் நம் தெருவின் சொல் போய் அமர்ந்துகொண்டது.

இந்த வரிசையில் நான் கடைசியாகக் குறிப்பிட விரும்புவது எண்ணூரின் பாட்டு. 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பலர் கூடிச் செய்த ஒரு சிருஷ்டி. சொற்களை எழுதியவர் கபேர் வாசுகி. ராகமாலிகையாக இசை அமைத்தவர் வித்துவான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா, காணொளியாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின்நிலையச் சாம்பல் படிந்து, இறாலும் மீனும் குறைந்து, மீனவரின் வயிற்றில் அடி விழுந்த கதையை, ஆனந்தபைரவியில் தொடங்கும் சங்கீதம் சொல்கிறது. தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூரில் கையாண்ட பேகடையும் அந்த ராகமாலிகையில் வருகிறது.

இதன் தொழில்நுட்பச் சிக்கலைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைப் பேச்சுத் தமிழ் விரைவானது. உயிரெழுத்துக்களைக் குறுக்கி, மெய்யெழுத்துக்களை இறுக்கிப் பேசுவது. ஆனந்தபைரவியோ நெட்டுயிரின்மேல் சாய்ந்து நிதானமாக அசையும் ராகம். குற்றியலுகரத்தில் முடியும் பேச்சுச் சொல்லின்மேல் அது எங்கே சாய்ந்துகொள்ளும்? பாட்டைக் கூர்ந்து கேட்டால், பேச்சின் வேகத்தை ராகம் விழுங்கிவிடவும் இல்லை, ராகத்தின் நிதானத்தைப் பேச்சு கலைத்துவிடவும் இல்லை என்பது தெரியும். சபா மேடைக்கென்று பழக்கப்பட்ட சங்கீதம், எண்ணூர்ச் சாம்பலில் கால் பதித்து, அந்த ஊரின் வழக்கை அந்த ஊரின் சொல்லிலேயே எடுத்துரைக்கிறது. தீட்சிதர் காலத்தில் மெட்டு கோட்டையிலிருந்து மணலிக்கு வந்தது. நம் காலத்தில் மயிலாப்பூர் மேடையிலிருந்து எண்ணூருக்கு வந்தது. வந்த மெட்டை வரவேற்று இருக்கை கொடுத்துத் தன் கதையைப் பாட வைத்துக்கொள்ளும் வல்லமை இந்தக் கரைக்கு இன்னும் குன்றவில்லை.

சிருஷ்டி என்றால் எதுவும் இல்லாத இடத்திலிருந்து ஒன்றைத் தோற்றுவிப்பது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அதனால்தான் கலைஞரிடம் ஊற்றுக்கண்ணைத் தேடிக் கேட்கிறோம், அவரும் விடை சொல்ல இயலாமல் அருளையும் ஆவேசத்தையும் துணைக்கு அழைக்கிறார். இந்த நிலத்துப் பாட்டுக்கள் காட்டும் உண்மை வேறு. மெட்டு எப்போதும் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. வடிவத்தை முன்னோர் ஒருவர் விட்டுச் செல்கிறார். கலைஞருக்கு உரியவை மூன்று: வந்ததைச் சிதைக்காமல் ஏற்கும் பணிவு, அதில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று காணும் கண், அந்த இடத்தில் இன்னாருக்காக இன்ன சொல்லை வைக்க வேண்டும் என்று தேரும் அன்பு. இம்மூன்றும் கூடிய இடத்தில் பிறந்த பாட்டு, மெட்டு யாருடையதாயினும், பாடியவருக்கே சொந்தம்.

ஆகையால் தமிழ் இலக்கிய, சங்கீத அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நொட்டுஸ்வரங்களுக்கும் கீர்த்தனங்களுக்கும் ஒரு சின்னசாமி முதலியார் கிடைத்தார். கானாவுக்கு, பாட்டை மட்டும் பதிவு செய்யாமல் பாடுகிறவரின் தொழிற்பேச்சையும் சேர்த்து, அதே பொறுமையோடு எழுதி வைக்கும் அறிஞர் பலர் வேண்டும். ஒரு துக்க வீட்டின் விவரங்களை ஒரு பாடகர் எப்படிச் சேகரித்தார், எந்த மெட்டைத் தள்ளி எந்த மெட்டைக் கொண்டார், எந்தப் பெயரை எங்கே வைத்தார், எந்த அடியில் கூட்டம் அழுதது என்பதெல்லாம் இன்று கேட்டால் சொல்வதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். மூத்த பாடகர்கள் ஒவ்வொருவராக மறையும்போது அந்த விடைகளும் அவர்களோடு மறைந்துவிடும். யாப்புத் தெரிந்தவர் ஒருவர், தாளம் தெரிந்தவர் ஒருவர், வடசென்னைப் பேச்சைத் தாய்மொழியாக உடையவர் ஒருவர் ஆக மூவர் சேர்ந்து ஓராண்டு ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தங்கி விசாரித்தால், தமிழ்க் கவிதை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதற்கு நம்மிடம் இதுவரை இல்லாத ஒரு நூல் கிடைக்கும். அதை எழுதும் கடமை நம் தலைமுறையைச் சார்ந்தது.